ஈபேயில் கிடைக்கும் தேர்தல் பேட்ஜுக்கு அருங்காட்சியகம் எதற்கு?

வாசகர் கேள்வி, 3 செப்டம்பர் 2024

"லேபர் டே விடுமுறைக்கு ஒஹாயோவில் கேன்டன் வரை போய் மெக்கின்லி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பழைய அதிபர் தேர்தல் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். போனைத் தட்டினால் அதே 1896 பேட்ஜ் ஈபேயில் முப்பது டாலர். லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய பொருளுக்குக் காப்பாளர், கண்ணாடி, ஏசி எல்லாம் எதற்கு? வேண்டியவர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே?"

3 செப்டம்பர், இரவு

லட்சக்கணக்கில் அடித்தார்கள் என்பது சரி. அப்படி அடிக்க முடிந்ததே, மெக்கின்லி நின்று ஜெயித்த அந்த 1896 அதிபர் தேர்தலில்தான். அதற்கு முன், 1860-ல், லிங்கன் ஆதரவாளர்கள் அணிந்தது மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த சின்னப் புகைப்படம். பித்தளை வளையத்துக்குள் முன்பக்கம் லிங்கன், பின்பக்கம் துணை அதிபர் வேட்பாளர் ஹாம்லின், மேலே ரிப்பன் கோர்க்க ஓர் ஓட்டை. கைவேலை அதிகம்.

1896-ல் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இருந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. அச்சடித்த வட்டக் காகிதம், அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு, அடியில் உலோகத் தட்டு, ஓரத்தை மடக்கிப் பிடிக்க ஒரு வளையம், பின்னால் ஊசி. அவ்வளவுதான். விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. சிகரெட்டோடும் சூயிங்கத்தோடும் இலவசமாகக் கொடுத்தார்கள். உங்கள் முப்பது டாலர் பேட்ஜ் அந்த வகை.

பொருள் மலிவு என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது யார் சட்டையில் இருந்தது என்பதை ஈபே சொல்லாது. என் வாதம் அங்கேதான் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

4 செப்டம்பர்

அதற்கு முன் ஒரு பேட்ஜைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். மெக்கின்லியை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தரப்பின் பேட்ஜ் ஒன்றில் கடிகாரம் வரைந்திருப்பார்கள். முள் 12:44 காட்டும். ஒரு மணிக்குப் பதினாறு நிமிடம் இருக்கிறது.

பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற கணக்கில் வரம்பில்லாமல் வெள்ளி நாணயம் அடிக்க வேண்டும் என்பது பிரையனின் கோரிக்கை. விளைபொருள் விலை விழுந்துகொண்டே போக, வாங்கிய கடன் மட்டும் குறையாமல் நின்றதால் விவசாயிகள் நொந்துபோயிருந்தார்கள். பணப்புழக்கம் கூடினால் கடன் லேசாகும் என்று நம்பினார்கள். கடன் கொடுத்தவர்களும் தொழிற்சாலை முதலாளிகளும் தங்கத்தை விடுவதாக இல்லை. இத்தனை பொருளாதாரத்தையும் ஒரு கடிகார முள்ளில் சொல்லிவிட்டார்கள்.

மெக்கின்லி தரப்பில் தங்க வண்டு ஊசி. வாலைத் தட்டினால் இறக்கை விரியும், ஒரு இறக்கையில் மெக்கின்லி, மறு இறக்கையில் அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஹோபார்ட். அந்த ஸ்பிரிங் இன்றும் வேலை செய்கிற வண்டைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் கையில் கிடைத்தால் ஒரு நாள் தாங்காது, எப்படித் தப்பியதோ.

4 செப்டம்பர், சற்றுப் பின்

சோப்புக் குழந்தையை விட்டுவிட்டேனே. அதே 1896. அட்டைப் பெட்டிக்குள் சோப்பில் செய்த குழந்தை பொம்மை, கழுத்தில் ஒரு சீட்டு: என் அப்பா மெக்கின்லிக்கு ஓட்டுப் போடுவார். பிரையனுக்கும் இதே பொம்மை உண்டு. குளித்துத் தீர்த்துவிடாமல் யாரோ வைத்திருந்ததால்தான் இன்று பார்க்கிறோம். அப்போது பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. வீட்டுக்குள் பிரச்சாரத்தைக் கொண்டுபோக அவர்கள் பிடித்த வழி சோப்பு.

6 செப்டம்பர்

சரி, கேன்டனுக்கு வருகிறேன். நீங்கள் போய்வந்த இடம், ஆனால் அந்த ஊர் ஏன் முக்கியம் என்று அங்கே நிதானமாகப் படித்தீர்களா தெரியவில்லை.

பிரையன் ரயிலில் 18,000 மைல் சுற்றினார். மெக்கின்லி வீட்டை விட்டு நகரவில்லை. நார்த் மார்க்கெட் தெருவில் தன் வீட்டுத் திண்ணையில் நின்று பேசினார், மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. ஏழரை லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. 1900 கணக்கெடுப்பில்கூட அந்த ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரம் சொச்சம்தான். புல்தரை மண்ணாகிவிட்டது, வேலியைத் துண்டு துண்டாக நினைவுக்கு எடுத்துப் போனார்கள்.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. இரும்பு ஆலைத் தொழிலாளர் ஒரு நாள், சைக்கிள் சங்கம் ஒரு நாள், பழைய போர்வீரர்கள் ஒரு நாள் என்று குழுக் குழுவாக வந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ரிப்பன். அதில் ஊர்ப் பெயர், சங்கத்தின் பெயர், தேதி. ஒரு ரிப்பனை வைத்துக்கொண்டு, அந்த நாளில் அந்த ஊரிலிருந்து யார் ரயில் ஏறினார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் தேடிக் கண்டுபிடிக்கலாம். நாடு முழுக்க ஒரே அச்சில் வந்த பேட்ஜ் இதைத் தராது. வட்டார அருங்காட்சியகத்தின் சொத்து இந்த ரிப்பன்கள்தான் என்று நினைக்கிறேன். பார்ப்பவர்கள் கலர் பேட்ஜுக்கு முன்னால் நின்றுவிட்டு ரிப்பனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம்.

9 செப்டம்பர்

இப்போது என் அனுபவம். ஒஹாயோவில் சின்ன ஊர் ஒன்றின் வரலாற்றுச் சங்கத்தில் சனிக்கிழமைகளில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு மரப்பெட்டி. திறந்தால் கறுப்பு வெல்வெட்டில் வரிசையாகக் குத்திய பேட்ஜுகள். மெக்கின்லி ஒரு வரிசை, பிரையன் ஒரு வரிசை, டாஃப்ட் ஒரு வரிசை. பார்க்க அழகு. எப்போதோ ஒருவர் வேட்பாளர் வாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார். அடுக்கும்போது, அவற்றைக் கொடுத்தவர்கள் எழுதி வைத்திருந்த உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டார். பதிவேட்டில் "தேர்தல் பேட்ஜுகள், பலர் தந்தது" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது.

ஒரு உறை மட்டும் வெல்வெட்டுக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. மஞ்சளடித்த சின்னச் சம்பள உறை. பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில் இரண்டு வரி. செங்கல் சூளையில் எல்லோருக்கும் ஃபோர்மேன் கொடுத்த பேட்ஜ் இது, அப்பா தேர்தல் நாள்வரை தினமும் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வரி: ஓட்டுப் போட்டது பிரையனுக்கு.

அந்த உறைக்குரிய பேட்ஜ் வரிசையில் எது என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. எல்லாம் மெக்கின்லி, எல்லாம் ஒரே முகம்.

9 செப்டம்பர், இரவு

மேலே எழுதியதற்குப் பின்னணி கொஞ்சம் வேண்டும். அந்தச் சூளைக்காரருக்கு அப்படிச் செய்ய முடிந்தது எப்படி? அதற்கு முந்தைய தலைமுறையில் வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கொடுக்கும். பல ஊர்களில் கட்சிக்கு ஒரு நிறம். எந்த நிறச் சீட்டைப் பெட்டியில் போடுகிறீர்கள் என்று ஃபோர்மேன் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். 1890களின் தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்கள் அரசே அச்சிட்ட ரகசியச் சீட்டுக்கு மாறின, ஒஹாயோ 1891-ல். அதற்குப் பிறகு சட்டையில் ஒன்று, சீட்டில் ஒன்று என்பது சாத்தியமாயிற்று.

1896-ல் பிரையன் ஜெயித்தால் வேலைக்கு வராதே என்று தொழிலாளர்களை மிரட்டிய முதலாளிகள் இருந்தார்கள் என்பது வரலாற்று நூல்களில் இருக்கிறது. அந்தப் பென்சில் வரி அதை ஒரு வீட்டுக்குள்ளிருந்து சொல்கிறது. இதை முப்பது டாலருக்கு எங்கே வாங்குவது?

10 செப்டம்பர்

"ஒரு உறைக்காக ஏசி போடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், போடலாம்.

தவிர ஏசி பேட்ஜுக்கும் தேவை. செல்லுலாய்டுக்கு அடியில் ஈரம் நுழைந்தால் உள்ளே தகடு துருப்பிடிக்கும், காகிதத்தில் பழுப்புப் புள்ளி கிளம்பும். அதை எடுக்க வழியே கிடையாது. வீட்டு பேஸ்மென்டில் வைத்த பேட்ஜுகளில் பாதிக்கு இந்த வியாதி. அப்புறம், துடைக்கிறேன் என்று தண்ணீர் தொடாதீர்கள், தயவுசெய்து.

17 செப்டம்பர்

யார் அணிந்தது என்பதை ஏன் இத்தனை முறை சொல்கிறேன் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் ஒன்று உண்டு.

1901 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் இரவு உணவுக்கு அழைத்தார். தென்மாநிலப் பத்திரிகைகள் கொதித்தன. பிறகு ஒரு பேட்ஜ் வந்தது: ஒரு மேஜை, இருபக்கமும் இருவர், கீழே "சமத்துவம்" என்ற ஒரே சொல்.

கறுப்பின வாக்காளர்களிடம் பெருமையாகக் கொடுக்கவும் இந்தப் படம் பயன்பட்டது. வெள்ளை வாக்காளர்களைக் கிளப்பிவிட எதிர்த்தரப்பும் இதையே பயன்படுத்தியது. சில பதிப்புகளில் வாஷிங்டனின் தோலை வேண்டுமென்றே இன்னும் கறுப்பாக அடித்திருக்கிறார்கள். படம் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் நெஞ்சில் அது மரியாதை, இன்னொருவர் நெஞ்சில் வசை. எந்தத் தெருவில், எந்த வீட்டில், யாரிடம் இருந்தது என்ற பதிவு இல்லாமல் கண்ணாடிக்குள் வைத்தால் பார்ப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? விளக்க அட்டை எழுதும் காப்பாளர் ஊகித்துத்தான் எழுத வேண்டும். இந்த விஷயத்தில் ஊகிப்பது ஆபத்து.

28 செப்டம்பர்

இரண்டு தனிமடல்கள், இரண்டும் "என்னிடம் மெக்கின்லி பேட்ஜ் இருக்கிறது, அசலா?" என்ற கேள்வி. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

நகத்தால் ஓரத்தைத் தடவுங்கள். தகரத்தின் மேலேயே நேரடியாக அச்சடித்திருந்தால், செல்லுலாய்டு இல்லையென்றால், அது 1896 இல்லை. தகர அச்சு பேட்ஜுகள் 1920 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1968-ல் கிளீனெக்ஸும் 1972-ல் அமோகோ பெட்ரோல் கம்பெனியும் பழைய பேட்ஜுகளின் நகலை விளம்பரத்துக்காக விநியோகித்தன. அமோகோ நகலின் ஓரத்தில் ஏ-ஓ-1972 என்று பொடி எழுத்து இருக்கும், சிலர் அதைச் சுரண்டிவிட்டு விற்பார்கள். தொல்லை பெருகியதால்தான் 1973-ல், தேர்தல் பொருள்களின் நகலில் தயாரித்த ஆண்டைப் பொறித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

அசலில் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு வட்டக் காகிதம் செருகியிருக்கும். கம்பெனி பெயரும் காப்புரிமைத் தேதியும் அதில் இருக்கும். காகிதம் போய்விட்டால் பேட்ஜ் போலி என்று அர்த்தம் இல்லை. வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும்.

29 செப்டம்பர்

"முதல் தேர்தல் பேட்ஜ் 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டனுடையது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சட்டையில் குத்தியது கிடையாது, கோட்டில் தைத்த நிஜப் பித்தான். நடுவில் ஜி.டபிள்யூ., சுற்றிலும் அதிபர் நீடு வாழ்க என்ற வாசகம். பிரச்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கே வாக்களித்தார்கள். பதவியேற்பைக் கொண்டாடத் தைத்துக்கொண்டார்கள்.

பொருள்களை வைத்து முழுவீச்சில் நடந்த தேர்தல் எது என்றால் நான் 1840-ஐச் சொல்வேன். வில்லியம் ஹென்றி ஹாரிசன் மரக்குடிசையில் உட்கார்ந்து ஆப்பிள் மது குடிக்கத்தான் லாயக்கு என்று எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. அவர் கட்சி அதையே பிடித்துக்கொண்டது. தட்டு, கோப்பை, பதக்கம், பட்டு ரிப்பன் எல்லாவற்றிலும் குடிசை. அவர் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மாளிகையில். ஜெயித்து, பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார். குடிசை போட்ட தட்டுகள் இன்னும் இருக்கின்றன.

12 அக்டோபர்

தோற்றவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 1920 தேர்தல். இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் ஒஹாயோக்காரர்கள், இருவரும் பத்திரிகை அதிபர்கள். மேரியனில் ஹார்டிங், டேட்டனில் காக்ஸ். ஹார்டிங்கும் திண்ணைப் பிரச்சாரம்தான் செய்தார். கேன்டனில் மெக்கின்லி வீட்டு முன் நின்ற கொடிக்கம்பத்தையே மேரியனுக்குக் கொண்டுவந்து நட்டார்கள்.

காக்ஸ் படுதோல்வி. அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பிரச்சாரத்தில் பணத் தட்டுப்பாடு, இருவர் முகமும் சேர்ந்த பேட்ஜ் கொஞ்சம்தான் அடித்தார்கள். இந்த ரூஸ்வெல்ட் பின்னாளில் அதிபரே ஆனார், அது எல்லோருக்கும் தெரியும். அந்த பேட்ஜ் ஒன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. ஈபே விலையை வைத்து மதிப்பு பார்ப்பவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு அதே ஆண்டின் இன்னொரு பேட்ஜ்தான் பிடிக்கும்.

சிறை உடையில் யூஜீன் டெப்ஸ். "அதிபர் பதவிக்கு, கைதி எண் 9653." சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளர், அட்லான்டா சிறைக்குள்ளிருந்து போட்டியிட்டார். 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். அவர் சிறைக்குப் போனது எதற்காக? முதல் உலகப்போரையும் ஆள்சேர்ப்பையும் எதிர்த்து 1918 ஜூன் 16 அன்று ஒரு பூங்காவில் பேசியதற்கு. பூங்காவின் பெயர் நிமிசில்லா. ஊர், கேன்டன்! எதிரே இருந்த சிறையில் அடைபட்டிருந்த மூன்று தோழர்களைப் பார்த்துவிட்டு வந்து மேடை ஏறினார். பத்தாண்டு தண்டனை. 1921 கிறிஸ்துமஸில் தண்டனையைக் குறைத்து அவரை வெளியே விட்டவர் ஹார்டிங். எந்தத் தேர்தலில் டெப்ஸ் கைதியாக நின்றாரோ அதில் ஜெயித்தவர்.

மெக்கின்லியைப் பார்க்க ஏழரை லட்சம் பேர் வந்த ஊரும் டெப்ஸ் பேசிச் சிறை போன ஊரும் ஒன்றுதான். தேசிய அருங்காட்சியகம் ஒன்றில் இந்த இரண்டும் வேறு வேறு கூடத்தில் இருக்கும். கேன்டன் இருக்கும் ஸ்டார்க் கவுன்டியின் வரலாற்றுக்கு இரண்டும் ஒரே கதை. வட்டார அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, எனக்கு இதுதான் பிரதான பதில். முதலில் எழுதிய உறைக் கதையைவிட இது வலுவானது என்று இப்போது தோன்றுகிறது.

13 அக்டோபர்

இல்லை, இரண்டையும் ஒப்பிட வேண்டாம். நேற்று இரவு எழுதியதை இன்று படித்தால், உறையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு ஊருக்குள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதை இரண்டும் காட்டுகின்றன.

7 நவம்பர்

தேர்தல் முடிந்தது. ஹாரிஸ் தோற்றுவிட்டார். அலுவலகத்துக்குப் போகும் வழியில் இன்று காலையே வீட்டு முன் புல்தரையில் நட்ட பிரச்சாரப் பலகைகளைப் பிடுங்கிக் குப்பை வண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு வாரம்தான் அருங்காட்சியகங்களுக்கு அறுவடைக் காலம். தோற்றவரின் பலகைதான் முதலில் காணாமல் போகும்.

எங்கள் சங்கத்தில் இரு தரப்புப் பொருளையும் கேட்டு அறிவிப்பு ஒட்டினோம். டிரம்ப் தரப்பின் சிவப்புத் தொப்பி வந்தது, ஹாரிஸ்-வால்ஸ் பச்சைத் திட்டுத் தொப்பியும் வந்தது. கடையில் வாங்கியதா, பிரச்சாரத் தளத்தில் வாங்கியதா, தெருவோர வியாபாரியிடமா என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுகிறோம். காரணம் உண்டு. 1896-ல் பேட்ஜ் சும்மா கிடைத்தது. இன்று பிரச்சாரக் குழுவிடம் தொப்பி வாங்கினால் சட்டப்படி அது தேர்தல் நன்கொடை. தெருவில் வாங்கினால் வெறும் தொப்பி.

7 நவம்பர், இரவு

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். 2020-லும் இந்த ஆண்டும் அங்கே ஃப்ளெக்ஸ் வைத்து, கோயிலில் பூஜை செய்தார்கள். கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் பட்டியலில் ஹாரிஸின் பெயர் இருக்கிறது. கல் இருக்கும். ஃப்ளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போய்விடும். அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகத் தமிழில் அச்சடித்து, காவிரிப் படுகை கிராமம் ஒன்றில் கட்டிய பதாகை அது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றையாவது சுருட்டி எடுத்து வையுங்கள். எந்த அச்சகம், யார் காசு, எந்த முனையில் கட்டினார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

20 நவம்பர்

கேள்வி கேட்ட நண்பரே மறுபடி எழுதியிருக்கிறார்: மாமனார் வீட்டு கராஜில் 2008 ஒபாமா பலகை ஒன்று கிடக்கிறது, கொடுத்தால் வாங்குவார்களா என்று. சந்தோஷம்.

வாங்குவார்களா என்பது பலகையைவிட நீங்கள் கூடத் தருவதைப் பொறுத்தது. அன்று மாமனார் எந்தத் தெருவில் குடியிருந்தார், அக்கம்பக்கத்தில் வேறு யார் வைத்தார்கள், யாராவது பிடுங்கிப் போட்டார்களா, அவர் அப்போது குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட்டாரா இல்லையா, எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதி, கூடவே ஆங்கிலத்திலும் ஒரு பிரதி. பென்சில் போதும், மை வேண்டாம். பலகையின் மேல் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை கறையாகிவிடும். தாளைத் தனி உறையில் போட்டு, உறையின் மேலும் பெயர் எழுதுங்கள். பலகை வேறு, உறை வேறு என்று பிரியாமல் இரண்டுக்கும் ஒரே எண் போட்டுத் தரும்படி வாங்குபவரிடம் கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் முன்னாலேயே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.